கடல்வரிசைச் சுவர்

அக்டோபர் கடைசி வாரத்தில், இத்தாலியக் கடலோர ஊரான காலாசெக்கா முழுக்கச் சுண்ணாம்பு மணக்கும். ஆண்டு முழுவதும் மீன், டீசல், ஈரக்கயிறு என்று மணக்கிற ஊர், அந்த வாரம் மட்டும் புதுமனை புகும் வீடு மாதிரி இருக்கும். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தோர் நாள். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் கல்லறைத் தோட்டத்தில், பெட்டிகளை உள்ளே வைத்து மூடிய சுவரில், தன் பங்கைத் தானே வெள்ளையடித்துவிட வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் செத்தவர்களுக்கு அவமானம். மிலானுக்குப் போய்க் குடியேறிவிட்டவர்கள்கூட இதற்காக ரயிலேறி வந்து, நல்ல சட்டையின் மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பூசுவார்கள்.

எர்மானோ பள்ளிக்கூடம் முடிந்து மேலே ஏறி வந்தபோது அவன் மனைவி நிவெஸ்ஸின் சுவர் பூசியாகிவிட்டது. அவன் எதிரே இருந்த கல்பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்தான். வழக்கமாக அவன் பார்ப்பது மூன்று: அவள் பெயர், பீங்கானில் பதித்த அவள் படம், பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை இறங்கும் விரிசல். இன்றைக்குப் பெயரும் படமும் இருந்தன.

நிவெஸ் மார்ச்சில் இறந்தாள். சமையலறையில், பாதிப் பேச்சில், மூளையில் ஒரு நரம்பு வெடித்து. என்ன சொல்ல வந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இங்கே வருகிறான். ஜெபிப்பதில்லை, அழுவதில்லை. வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரே சுவரின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுவர் மனப்பாடமாகிவிடும். கோடையில் அந்த விரிசலுக்குள் நகம் போயிற்று. ஆகஸ்ட்டில் விரல்நுனி போயிற்று.

அவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் புவியியல் வாத்தியார். ஜெனோவாவில் படித்தபோது கற்றுக்கொண்ட ஒரு சின்ன வேலை ஞாபகத்தில் இருந்தது. பள்ளியின் ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லைக் கொண்டுவந்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்து வைத்து ஒட்டினான். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும். முதல் கண்ணாடி செப்டம்பர் மழைக்கு உடைந்தது. இரண்டாவதை ஒட்டினான். அது நேற்றுவரை முழுசாக இருந்தது.

இப்போது அதன் மேல் வெள்ளை. எழுந்து போய், வீட்டுச் சாவியால் மெதுவாகச் சுரண்டினான். ஈரச் சுண்ணாம்பு பாலாடை மாதிரி வந்தது. கண்ணாடி நடுவில் இரண்டாகியிருந்தது. துண்டுகளுக்கு இடையே ஒரு சாவி நுழையும்.

"என்னத்தடா சுரண்டுற?"

ஜெரோலமோ குழாயடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தார். நிவெஸ்ஸின் அப்பா. எழுபது வயதிலும் கப்பலில் நிற்பதுபோலக் காலை அகற்றி வைத்துத்தான் நடப்பார். ஊர்வலங்களில் பெரிய சிலுவையைச் சுமக்கும் சிலுவைச் சபைக்குத் தலைவர். கல்லறைத் தோட்டத்தின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"மாமா, கண்ணாடி உடைஞ்சிருக்கு."

"நான்தான் தட்டியிருப்பேன். தூரிகை பட்டிருக்கும்."

"தூரிகை பட்டு உடைஞ்சா துண்டு விலகி நிக்காது."

கிழவர் வாளியை வைத்தார். விரிசல் எப்போதும் இருக்கிறது என்றார். அவர் அப்பா பூசினார், தாத்தா பூசினார், அவர் பூசுகிறார். வீடு என்றால் விரிசல் விடும், செத்தவர்கள் வீடு மட்டும் விடாதா? சொல்லிக்கொண்டே எர்மானோ சுரண்டிய இடத்தைத் தூரிகையால் ஒரே இழுப்பில் மூடினார். வாளியில் மிச்சம் இருந்ததைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது வீட்டுக்கு ஆகும் என்றார். வருஷா வருஷம் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம்.

அவர் போன பிறகு எர்மானோ மறுபடி சாவியை எடுத்தான். இந்த முறை ஓரத்தில் குத்தி நிமிண்டினான். கட்டியாக ஒரு துண்டு பெயர்ந்து கையில் விழுந்தது. அதன் வெட்டுப் பக்கத்தைப் பார்த்தான். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே கொஞ்சம் மஞ்சள், அப்புறம் சாம்பல், மறுபடி வெள்ளை. ஒவ்வொரு அக்டோபரும் ஓர் அடுக்கு. உள்ளே கையை விட்டான். மணிக்கட்டுவரை போயிற்று. அங்கே கல் இல்லை. நூறு வருஷத்துச் சுண்ணாம்பு இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அடைத்திருக்கிறார்கள். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கீழே மலையைக் குடைந்து போகும் சுரங்கத்தில் ரயில் ஓடிற்று. பெஞ்ச் லேசாக நடுங்கிற்று. அது எப்போதும் நடுங்கும். சுண்ணாம்புக் கட்டி இருந்த கையை மூடிக்கொண்டு அவன் கீழே இறங்கினான்.

*

அந்த நிலம் செத்தவர்களுக்கு விரும்பிக் கொடுத்ததல்ல. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், கோயில் தரைக்கடியில் புதைக்கக்கூடாது, ஊருக்கு வெளியே இடம் பாருங்கள் என்று உத்தரவு வந்தது. மலைச்சரிவில் படி படியாகக் கல்கட்டித் திராட்சை வைத்திருந்தவர்கள் ஒரு படியையும் விட்டுத்தரவில்லை. கடைசியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மேட்டைக் கொடுத்தார்கள். அங்கே எந்தக் கொடியும் வேர் பிடித்ததில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வேர் பிடிக்க மண் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

அப்புறம் ரயில் வந்தது, மேட்டுக்கு அடியில் சுரங்கம் வந்தது. பக்கத்து ஊரில் துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கல்சுவர் கட்டியதும் இந்தப் பக்கம் மணல் வரத்து நின்றது. மேட்டின் காலடியில் பெண்கள் துணி துவைத்த கரையை வயசானவர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்போது அங்கே அலைதான் அடிக்கிறது. எர்மானோ இதையெல்லாம் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறான். பாடம் நடத்தும்போது பயமாக இல்லை.

மேட்டின் முனையில், கடலைப் பார்த்த சுவரில் அடுக்கு மாடமாக இருக்கும் கல்லறைகளுக்குக் கடல்வரிசை என்று பெயர். கப்பல் தலைவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் உள்ள இடம். இறந்தோர் நாளில் ஊர் முழுவதும் அந்தச் சுவருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே உள்ள தளத்தில் நெருக்கியடித்து நின்று பூசை கேட்கும். விரிசலுக்கு இந்தப் பக்கம் நிவெஸ்ஸின் அம்மா. அந்தப் பக்கம், முனைப் பக்கமாக, நிவெஸ்.

மேயரைப் போய்ப் பார்த்தான். சந்தேகமிருந்தால் எழுதிக் கொடுங்கள், மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், வசந்தத்துக்குள் வரலாம் என்றார். டான் எவாசியோவைப் பார்த்தான். அந்தப் பாதிரியாருக்குப் பூசை வைக்க இன்னும் நாலு ஊர் உண்டு. எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பேன், அதை ஜெரோலமோ சொல்லட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஊருக்கு விஷயம் தோமசீனாவின் கடையில் தெரிந்தது. அவள் அடுப்பில் கடலைமாவு அடை வேகும் நேரத்தில் அங்கே எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். எர்மானோ நெல் விளையும் சமவெளிக்காரன். அங்கே வயல் தவளையைப் பிடித்துத் தின்பார்கள் என்பதால் இங்கே அவனுக்குப் பட்டப்பெயர் தவளை. நிவெஸ்தான் ஆரம்பித்து வைத்தாள். அவள் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது.

"தவளைக்கு மேடு ஆகாது. வயித்தக் கலக்கும்" என்றாள் தோமசீனா, அடையை வெட்டிக்கொண்டே.

வரிசையில் சிரித்தார்கள். அவன் கட்டியை மேடையில் வைத்து அடுக்குகளைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் பின்னாலிருந்து ஒருத்தர், எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னார்.

"சாவு வீட்டுலயே கேட்டான். பொண்ண அவன் ஊருக்குக் கொண்டு போறேன்னு. கிழவர் விடல. இப்ப சுவர் இடியுதாம்."

எர்மானோவால் மறுக்க முடியவில்லை. கேட்டது உண்மை. மார்ச்சில், சவப்பெட்டிக்குள் துத்தநாகத் தகட்டைப் பற்றவைத்து மூடிக்கொண்டிருந்தபோது, அவளைத் தன் ஊர்ச் சமவெளியில், தான் நாளைக்குப் படுக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டான். ஜெரோலமோ அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அவ கடல்வரிசைக்காரி" என்றார். முடிந்தது. அந்த வரிசையில் மருமகன்களுக்கு இடம் கிடையாது.

அன்றிலிருந்து அவன் மனசில் அந்த ஆசை போகவில்லை. சுவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், சொல்வது தானா அந்த ஆசையா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் கண்ணாடிக்கு ஆசை கிடையாது.

இறந்தோர் நாளுக்கு முந்தின மாலை. மழை நாள் முழுவதும் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. சிலுவைச் சபையார் தங்கள் கூடத்தில் கறுப்புச் சிலுவையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்கப் பலசாலி ஒருவன் இடுப்பில் தோல்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எர்மானோ உள்ளே வந்து தொப்பியைக் கழற்றியபோது யாரும் நிமிரவில்லை.

"நாளைக்கு ஜனங்கள தளத்துக்கு விடாதீங்க மாமா. வாசல்லயே பூசை வைங்க."

ஜெரோலமோ சிலுவையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "அப்புறம் என் பொண்ணையும் அங்க வைக்கக் கூடாதுன்னு வருவ."

"வர மாட்டேன்."

"யாரு நம்புவா?"

"எல்லார் முன்னாலயும் சொல்றேன். அவ இங்கயே இருக்கட்டும். எப்பவும். நான் கேக்க மாட்டேன், என் வீட்டாளுங்களும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் தளத்துல யாரும் நிக்கக் கூடாது. நான் பொய் சொல்றேன்னே வச்சுக்குங்க. எனக்கு அதுல என்ன கெடைக்கும்?"

துடைக்கும் துணிகள் நின்றன. அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ரயில் நேரம் சொல்வது மாதிரி சொன்னான். தனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தான். வலிக்கவில்லை. 

கிழவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தார்.

"வாசல்ல வைப்போம்" என்றார். "ஆனா விளக்கு உள்ளதான் எரியணும். ஊர்க்காரங்க எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தன் போய் ஏத்துறேன். ஒரு கிழவன் கனம் ஒண்ணும் ஆகாது."

*

மறுநாள் மத்தியானம் ஊர் வாசலில் நின்றது. கழுதைப்பாதை நெடுக, குழந்தைகள் கழுத்தில் இந்த நாளுக்கென்று கோத்த அவித்த கஷ்கொட்டை மாலையோடு, வழி அடைத்து நின்றார்கள். முணுமுணுப்பு இருந்தது. வெள்ளையடித்ததெல்லாம் வாசலிலிருந்து பார்க்கவா என்று ஒரு மிலான்காரர் கேட்டார். தோமசீனா அவரிடம், பார்வை போதவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொள் என்றாள். அவள் எர்மானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். 

வாசலிலிருந்து பார்த்தால் தளம் நீளவாக்கில் முனைவரை தெரியும். வலது கைப் பக்கம் சுவர், பளீரென்று. இடது பக்கம் கடல். மழை நின்ற பிறகு அலை கனத்திருந்தது. டான் எவாசியோ தொடங்கினார்.

ஜெரோலமோ நீளக் கம்பில் திரியோடு உள்ளே போனார். ஒவ்வொரு மாடத்து முன்னாலும் நின்று, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றி, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். வாசலில் நின்ற குடும்பம் பதில் சொல்லிற்று. அவசரப்படவில்லை. தன் மனைவியின் விளக்கை ஏற்றினார். விரிசலைத் தாண்டிப் போனார். முனைவரை போய், அங்கிருந்து திரும்பி ஏற்றிக்கொண்டு வந்தார். நிவெஸ்ஸைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

அப்போதுதான் எர்மானோ பார்த்தான். வெள்ளைச் சுவரில், அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே, மேலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. யாரோ கரிக்கட்டியால் இழுப்பதுபோல, நிதானமாக. தரைக்கு வந்து, சரளைக்கல்லுக்குக் குறுக்கே கைப்பிடிச் சுவர்வரை போயிற்று. சுண்ணாம்புத் தூள் பறந்தது. பின்னால் ஒரு பெண் மூச்சை இழுத்தாள். கோட்டை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கிழவர் பார்க்கவில்லை. அவர் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

எர்மானோ உள்ளே நடந்தான். ஓடவில்லை. ஓடினால் தரை அதிரும் என்று தோன்றியது. பயமாக இல்லை என்பதைக் கவனித்தான். அது மட்டும்தான் அவனைப் பயமுறுத்தியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினான்.

"மாமா. கையக் குடுங்க."

"இவ விளக்கு ஏத்தல இன்னும்."

"கீழ பாருங்க."

கிழவர் கீழே பார்த்தார். கோடு இப்போது ஒரு பூட்ஸ் அகலம். அதற்குள் இருட்டு. அவர் நிமிர்ந்து மகளின் படத்தைப் பார்த்தார். மலைக்குள்ளே, சுரங்கத்தின் அந்த முனையில், ரயில் ஊதிற்று.

அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வது எர்மானோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓர் அடி. அங்கே மூன்று பேர் இருந்திருப்பார்கள். அவன் கையை நீட்டியபடியே நின்றான். கிழவர் விளக்கை ஏற்றினார், திரியை ஊதி அணைத்தார், "நிவெஸ்" என்றார். வாசலில் இருந்த ஊர் முழுவதும் பதில் சொல்லிற்று. பிறகுதான் கையைக் கொடுத்தார். எர்மானோ இழுத்தான்.

அவர்கள் வாசலை அடையும்போது ரயில் அடியில் ஓடிற்று. தரை எப்போதும்போல நடுங்கிற்று. ஒன்றும் ஆகவில்லை. ரயில் மறுபக்கம் வெளியேறி, ஸ்டேஷனில் நிற்காமல் போயிற்று. யாரோ மெல்லச் சிரித்தார்கள். மிலான்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டான் எவாசியோ விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை எடுத்தார்.

இரண்டு வரி முடிந்திருக்கும். முனை சத்தமில்லாமல் குனிந்தது. அப்படித்தான் இருந்தது, தூக்கக் கலக்கத்தில் தலை சாய்கிற மாதிரி. விளக்குகள் எரிந்தபடியே சாய்ந்தன. பிறகு சத்தம் வந்தது. வெள்ளைத் தூள் எழுந்து எல்லோர் நல்ல உடைகள் மேலும் இறங்கிற்று. அது அடங்கியபோது நிவெஸ்ஸின் அம்மா வரை சுவர் இருந்தது. அதற்கு அப்பால் வானம்.

 தோமசீனா பக்கத்துக் குழந்தைகளைத் தலைதொட்டுப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று.

அந்தத் தளத்தில் ஊர் முழுவதும் நின்றிருக்கும்.

*

என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. குளிர்காலத்துக்காகத் தெருவில் ஏற்றி வைத்திருந்த படகுகளை ஆண்கள் தோள்கொடுத்துக் கீழே இறக்கினார்கள். தகடு வைத்துப் பற்றவைத்த பெட்டி மிதக்கும். கொஞ்ச நேரம்தான் மிதக்கும். பூசை உடையோடு டான் எவாசியோவும் ஒரு படகில் ஏறினார்.

ஜெரோலமோவின் படகில் எர்மானோ துடுப்புப் போட்டான். அவனுக்குத் துடுப்புச் சரியாக வராது. கிழவர் திருத்தவில்லை. மேட்டின் காலடியில் கடல் பால்போல் வெளுத்திருந்தது. நூறு வருஷத்துச் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருந்தது. பெட்டிகளைக் கயிறு போட்டு ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். பெயர்ப்பலகை போய்விட்டதால் எது யார் என்று தெரியவில்லை. புதுப் பெட்டியைத் தேடினார்கள். நிவெஸ்ஸுடையது வெளிர்மரம். வெளிச்சம் இறங்கும்வரை தேடினார்கள். ஒரு சிவப்பு விளக்குக் கூடு மிதந்து வந்தது. எர்மானோ அதை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டான்.

"அவள உங்க ஊருக்கே விட்டிருக்கலாம்" என்றார் கிழவர்.

எர்மானோ விளக்குக் கூட்டைக் காலால் அணைத்துக்கொண்டான். நேற்று வாக்குக் கொடுத்துவிட்டான். இனி கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

துடுப்பை நிறுத்தினார்கள். படகு தானாகத் திரும்பி ஊரைப் பார்த்து நின்றது. காலாசெக்காவை முழுசாகப் பார்ப்பது கடலிலிருந்து மட்டும்தான் முடியும். மேலே காவல்கோபுரம். நடுவில் ரோஜா, மஞ்சள் பூச்சில் வீடுகள், கதவு வைத்த ஜன்னலும் தூரிகையால் வரைந்த ஜன்னலும் கலந்து. வலது பக்கம் பாதி அறுந்த மேடு. மேட்டை ஒட்டினாற்போலக் கடைசி வீடு ஜெரோலமோவுடையது.

அறுந்த இடம் ரொட்டியைப் பிய்த்த மாதிரி ஈரமாக, புதுசாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு கோடு பக்கவாட்டில் பாறைக்குள் போவதை எர்மானோ பார்த்தான். புதர்களுக்குப் பின்னால் மறைந்து, வெளிப்பட்டு, வீடுகள் இருக்கும் திசையில் சாய்ந்து இறங்கியது. வாத்தியார் புத்தி அதைத் தானாக நீட்டிப் பார்த்தது. கடைசி வீடு. அடுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கும் நாலு வீடு. தோமசீனாவின் கடை. அந்தச் சுவர்களையெல்லாம் ஊர் வருஷா வருஷம் பூசுகிறது. அழகாக இருக்க வேண்டும் என்று.

கிழவரிடம் சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் அதே கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கட்டிலுக்குப் பின்னால, சுவத்துல" என்றார். "மிச்சச் சுண்ணாம்ப அங்கதான் அடைப்பேன். நேத்துக்கூட ஒரு வாளி பத்தல."

ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட ஆரம்பித்தார்கள்.